பூச்சி செத்தது, பஞ்சு குட்டையானது

"ஆப்பிரிக்காவில் மரபணு மாற்றுப் பயிர்கள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவை பசியைத் தீர்த்தனவா, இல்லை விவசாயியைக் கம்பெனிக்கு அடிமையாக்கினவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் இரண்டுமே நடக்கவில்லை. நடந்தது வேறு. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பஞ்சு ஆள். கோவைப் பக்கம் நூற்பாலையில் பஞ்சு கொள்முதலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். மாலி, பெனின், புர்க்கினா ஃபாசோ பஞ்செல்லாம் நம் ஊர் மில்களுக்கு வருவதுதான். கையால் எடுத்த பஞ்சு என்பதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதனால் என் பதில் பருத்தியில்தான் ஆரம்பிக்கும். பருத்தியைச் சாப்பிட முடியாது, அப்புறம் பசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தென் ஆப்பிரிக்காவின் மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஒதுக்கிவிட்டால், அந்தக் கண்டத்தில் ரொம்ப நாளாக மரபணு மாற்றுப் பயிர் என்றால் பெரும்பாலும் பருத்திதான்.

புர்க்கினா ஃபாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையே இல்லாத, மழையை நம்பிப் பிழைக்கிற நாடு. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கையில் காசு புரள்வது பருத்தியால்தான். அங்கே பருத்தித் தொழில் மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. சோஃபிடெக்ஸ் அதில் மிகப் பெரியது. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கம்பெனியே கடனாகக் கொடுக்கும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பார்கள். விளைந்ததைக் கம்பெனியே முன்கூட்டி அறிவித்த விலைக்கு எடுத்து, கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்.

1990-களின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் காய்ப்புழு வழக்கமான பைரித்ராய்டு மருந்துகளுக்கு அசையாமல் நிற்க ஆரம்பித்தது. ஆறு தடவை மருந்து அடித்தும் காய் ஓட்டையாகிறது என்றால் விவசாயி என்ன செய்வான்? அந்த நேரத்தில்தான் அமெரிக்க விதைக் கம்பெனியான மான்சாண்டோ வந்தது. 2003-ல் சோதனை வயல்கள், 2008-ல் வணிக சாகுபடி. வந்த விதை, இரண்டு பி.டி. ஜீன் கொண்ட போல்கார்ட் 2. பி.டி. என்பது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா. அதன் ஜீனைப் பருத்திக்குள் ஏற்றினால், செடியே புழுவின் குடலைப் பொத்தலாக்கும் புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். புழுவுக்கு மட்டும்தான் அது விஷம். சாறு உறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும். ஆறு தெளிப்பு இரண்டாகக் குறைந்தது. மகசூல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கூடியதாக ஆய்வுகள் சொல்லின. விதை விலையோ ஹெக்டேருக்கு 27,000 சி.எஃப்.ஏ. பிராங்க் (அங்குள்ள நாணயம்); பழைய விதை ஆயிரத்துக்கும் கீழே. அப்படியும் விவசாயிகள் வாங்கினார்கள். 2014 வாக்கில் நாட்டின் பருத்திப் பரப்பில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பி.டி. ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான குடும்பங்கள். ஆப்பிரிக்காவிலேயே சிறு விவசாயிகள் இந்த அளவில் மாறிய இடம் வேறில்லை. மாநாட்டுக்கு மாநாடு புர்க்கினாவைக் காட்டினார்கள்.

அடுத்த இரண்டே வருஷத்தில் அந்த நாடு பி.டி. பருத்தியை மொத்தமாகக் கைவிட்டது.

புழு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதா? இல்லை. போராட்டமா? எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள், ஆனால் கைவிடச் சொன்னது அவர்கள் அல்ல, பருத்திக் கம்பெனிகளே. காரணம் இழை நீளம்.

எங்கள் தொழிலில் பேலிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிய்த்து, இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுப்போம். பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி இழுப்போம். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் உதிரியெல்லாம் போய், விரல் நுனியில் சீப்புப் பல் மாதிரி நேராக ஒரு சின்னக் கற்றை நிற்கும். அதைக் கறுப்புத் துணிமேல் வைத்து அளந்தால் அதுதான் ஸ்டேபிள், அதாவது இழை நீளம். இன்றைக்கு மெஷின் சில விநாடிகளில் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் பழைய ஆட்கள் கையால் ஒரு தடவை இழுக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். 40-ஆம் நம்பர் நூல் ஓட்டுகிற மில்லில் அந்த ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ராட்டுக்கு ராட்டு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை ஒட்ட ஆள், நின்ற நேரம், கழிவு என்று எல்லாம் கணக்கில் ஏறும். அதனால் குட்டைப் பஞ்சுக்கு விலையில் வெட்டுதான்.

புர்க்கினாவின் பஞ்சு நீளத்துக்குப் பேர் போனது. பிரெஞ்சு ஆய்வாளர்களும் உள்ளூர் ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ரகங்கள் அவை. நீளம் மட்டுமல்ல, அவுட்டர்னும் அபாரம். நூறு கிலோ பருத்தியை ஜின்னிங்கில் போட்டால் கொட்டை நீங்கி 42 கிலோ வரை பஞ்சு கிடைக்கும். பி.டி. வந்த பிறகு இரண்டுமே இறங்கின. அவுட்டர்னில் ஒரு சதவீதம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்போது வருஷத்துக்கு ஆறேழு லட்சம் டன் பருத்தி அரைத்த நாட்டில் அது ஆறேழாயிரம் டன் பஞ்சு. அதே பருத்தி, அதே கூலி, அதே மின்சாரம். பஞ்சு மட்டும் காணோம்.

ஏன் இப்படி ஆனது? எல்லாப் பருத்தி ரகத்திலும் ஜீனை ஏற்ற முடியாது. ஆய்வகத்தில் ஒரு துண்டுத் திசுவிலிருந்து முழுச் செடியாக வளர்ந்து வருவதற்குச் சில அமெரிக்க ரகங்கள்தான் ஒத்துழைக்கும். அவற்றில் ஏற்றி, பிறகு உள்ளூர் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்ய வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் அமெரிக்க ரத்தம் பாதியாகக் குறையும். ஆறு ஏழு தலைமுறை போனால்தான் ஜீன் மட்டும் தங்கி, மற்றதெல்லாம் உள்ளூர் குணமாகத் திரும்பும். புர்க்கினாவில் இரண்டு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது இதை ஆராய்ந்தவர்களின் முடிவு. மழை, நிலம், சாகுபடி முறை எல்லாமே இழையைப் பாதிக்கும் என்பது மான்சாண்டோவின் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பி.டி. போன பிறகு கம்பெனிகள் திரும்பிப் போனது அதே பழைய ரகங்களுக்குத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விவசாயிக்குக் கொட்டையோடு எடை போட்டுக் காசு. அவன் வயலில் கிலோ கூடியது, மருந்துச் செலவு குறைந்தது. அவன் சந்தோஷப்பட்டது நியாயம். கம்பெனி விற்பதோ கொட்டை நீக்கிய பஞ்சை, மில்லிமீட்டர் கணக்கில். அதற்கு நஷ்டம். ஒரே செடிக்கு இரண்டு கணக்குப் புத்தகம். மகசூல் ஆய்வு செய்தவர்கள் முதல் புத்தகத்தை மட்டும் புரட்டினார்கள். எங்களைப் போல ஒரு பஞ்சு செலக்டரைச் சோதனை வயலுக்குக் கூப்பிட்டிருந்தால் முதல் வருஷமே சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் தொழில் கர்வம்தான், மன்னியுங்கள்.

கம்பெனிகள் 4,830 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் நஷ்டஈடு கேட்டன. விதைக்காக மான்சாண்டோவுக்குத் தர வேண்டிய ராயல்டியைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தன. 2017-ல் அந்த நிறுத்திய பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு இரு தரப்பும் பிரிந்தன. விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலருக்கு பி.டி. விதை போனதில் வருத்தம்தான். மறுபடி தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஆறு தடவை நடக்க வேண்டுமே. அடிமைப்பட்டார்கள் என்கிற கதையிலும் இது பொருந்தாது, ரட்சிக்கப்பட்டார்கள் என்கிற கதையிலும் பொருந்தாது.

இன்னொரு பருத்திக் கதை, சுருக்கமாக. தென் ஆப்பிரிக்காவில் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே மகாத்தினி சமவெளி என்று ஒரு பகுதி. சில ஏக்கர் வைத்திருக்கும் ஜுலு விவசாயிகள். 1998 வாக்கில் பி.டி. பருத்தி வந்தது. மூன்று நாலு வருஷத்தில் பத்தில் ஒன்பது பேர் அதற்கு மாறினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் போய்ப் படம் எடுத்தன. அங்கே கடன் கொடுப்பதும் பருத்தி வாங்குவதும் வுனிசா என்ற ஒரே கம்பெனி. விற்க வேறு வழி இல்லாததால் கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது. பிறகு பக்கத்திலேயே இன்னொரு ஜின்னிங் ஆலை முளைத்தது. விவசாயிகள் வுனிசாவிடம் கடன் வாங்கிவிட்டு, புது ஆலையில் பருத்தியைக் கொட்டினார்கள். நம் ஊர்க் கரும்பு விவசாயிக்கும் ஆலைக்கும் நடக்காததா இது? வுனிசா கடனை நிறுத்தியது. அடுத்த பருவத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சில நூறு பேராகச் சுருங்கினார்கள். ஜீன் அதே ஜீன், புழு அதே புழு. கடன் இல்லை, அவ்வளவுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

தென் ஆப்பிரிக்காவில் மக்கள் அன்றாடம் கிண்டித் தின்கிற வெள்ளை மக்காச்சோளத்திலேயே 2001 முதல் மரபணு மாற்று ரகம் வந்துவிட்டது. இன்றைக்கு அங்கே விளையும் மக்காச்சோளத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அதுதான். பெரிய பண்ணைகள், பெரிய டிராக்டர்கள், வங்கிக் கடன். அமெரிக்க மாதிரி விவசாயத்துக்கு அமெரிக்க மாதிரி விதை பொருந்திப்போனது. ஆனால் அங்கேயும் 2007-ல் ஒரு தகவல் வெளியானது. ஆப்பிரிக்கத் தண்டுத்துளைப்பான் புழு பி.டி. செடியைத் தின்றும் சாகவில்லை. இப்படி ஆகாமல் இருக்க வயலில் ஒரு பங்கில் சாதா ரகம் போட வேண்டும். அங்கே வளரும் எதிர்ப்பில்லாத பூச்சிகள் கலந்தால்தான் எதிர்ப்பு பரவாது. மருந்து அடிப்பதானால் 20 சதவீதம், அடிக்காவிட்டால் 5 சதவீதம் என்று விதி. ஆரம்ப வருஷங்களில் பலர் அதை மதிக்கவில்லை. பிறகு இரண்டு ஜீன் கொண்ட விதையைக் கொண்டுவந்து சமாளித்தார்கள். இரண்டு ஏக்கர்காரனிடம் போய், அதில் ஒரு மூலையைப் புழுவுக்கு விடு என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நம் ஊர் பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பி வந்த கதையும் இதற்குப் பங்காளிதான்.

அரசியல் பக்கம் ஓடிவிட்டு வருகிறேன். 2002-ல் தெற்கு ஆப்பிரிக்காவில் கடும் வறட்சி. அமெரிக்கா அனுப்பிய மரபணு மாற்று மக்காச்சோளத்தை ஜாம்பியா அதிபர் லெவி முவானவாசா வேண்டாம் என்று திருப்பினார். பசியில் இருக்கிறவர்களுக்கு விஷத்தைக் கொடுக்கலாமா என்பது அவர் வாதம். உலகமே அவரைத் திட்டியது. அந்த விஷம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு கவலை அர்த்தமுள்ளது. முழுத் தானியமாக வந்தால் விவசாயி அதில் ஒரு பிடியை விதைக்க எடுத்து வைப்பான். அப்புறம் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும்போது சிக்கல் வரும். மாவாக அரைத்துக் கொடுங்கள் என்று சொல்லி ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் வாங்கிக்கொண்டன. ஜாம்பியா அதற்கும் மசியவில்லை.

கென்யாவின் கதை இன்னும் நீளம். 2012 செப்டம்பரில் பிரான்ஸின் செராலினி குழு ஓர் ஆய்வு வெளியிட்டது: மரபணு மாற்று மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டி. உடம்பில் பெரிய பெரிய கட்டிகளோடு எலிகளின் படங்கள் உலகம் சுற்றின. இரண்டே மாதத்தில் கென்யா மரபணு மாற்று உணவின் இறக்குமதியைத் தடை செய்தது. அந்த வகை எலிக்கு வயதானால் தானாகவே கட்டி வருவது சகஜம், ஒரு குழுவுக்குப் பத்து எலி போதாது என்று மற்ற விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2013 நவம்பரில், அதை வெளியிட்ட இதழே ஆய்வைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருஷம் இன்னொரு இதழில் அது மறுபடி வெளியானது வேறு விஷயம். தடை மட்டும் பத்து வருஷம் நின்றது. 2022 அக்டோபரில், நாற்பது வருஷத்தில் காணாத வறட்சியின் நடுவே, பதவியேற்ற சில வாரங்களிலேயே அதிபர் வில்லியம் ரூட்டோவின் அமைச்சரவை அதை நீக்கியது. உடனே வழக்குகள் வந்தன.

இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. கென்யாவில் 2020-ல் விதைத்த பி.டி. பருத்தி, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் இருக்கும் மஹிகோ என்ற இந்திய விதைக் கம்பெனியின் வீரிய ஒட்டு விதை. நைஜீரியா அனுமதித்த பி.டி. பருத்தியும் மஹிகோ ரகமே. மரபணு மாற்று உயிர்கள் நாடு விட்டு நாடு போவதைப் பற்றிய கார்ட்டஜீனா உடன்படிக்கைப் பேச்சில் ஆப்பிரிக்காவின் சார்பில் மரபணு மாற்றுப் பயிருக்கு எதிராகக் கடுமையாக வாதாடிய எத்தியோப்பியாவே 2018-ல் இந்திய பி.டி. பருத்தி ரகங்களை அனுமதித்தது. வீரிய ஒட்டு விதை என்றால் வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது 2002 முதல் நமக்குத் தெரிந்த பாடம். கம்பெனி என்றாலே வெள்ளைக்காரக் கம்பெனி என்று நினைத்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது நைஜீரியாவின் தட்டைப்பயறு. காராமணி என்றும் சொல்வோமே, அதுதான். உலகத்தில் அதிகம் விளைவிப்பதும் தின்பதும் நைஜீரியாதான். ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, கரண்டியால் எண்ணெயில் விட்டுப் பொரித்தால் அக்கரா. நம் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே மாவை ஆவியில் வேகவைத்தால் மோயின் மோயின். இறைச்சி வாங்க முடியாத வீட்டில் புரதம் என்றால் இதுதான். இதற்கு எமன் புள்ளிக் காய்ப்புழு. பூவுக்குள் புகுந்து, காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; மருந்து அதன்மேல் படவே படாது. விளைச்சலில் 80 சதவீதம் வரை போய்விடும். இதைத் தாங்கும் தட்டைப்பயறு உலகத்தின் எந்த விதைச் சேகரிப்பிலும் சிக்கவில்லை. அதனால்தான் ஜீனைத் தேடிப் போனார்கள்.

மான்சாண்டோ ஒரு பி.டி. ஜீனை ராயல்டி இல்லாமல் கொடுத்தது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் டி.ஜே. ஹிக்கின்ஸ் குழு அதைப் பயறுக்குள் ஏற்றியது. நைரோபியில் இருக்கும் ஆப்பிரிக்க வேளாண் தொழில்நுட்ப அறக்கட்டளை ஒருங்கிணைத்தது. நைஜீரியாவில் சாரியா நகரின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வருஷக்கணக்கில் வயலில் சோதித்தது. 2019-ல் அனுமதி, 2021-ல் விவசாயிகள் கைக்கு விதை. ரகத்தின் பெயர் சாம்பீ 20-டி. ஆறு எட்டு தடவை அடித்த மருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் இலைப்பேன், அசுவினி, நாவாய்ப்பூச்சிக்காக, அவற்றைப் பி.டி. தொடாது. கானாவும் பின்னாலேயே அனுமதி கொடுத்தது.

பருத்திக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். தட்டைப்பயறு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒட்டு ரகம் இல்லை. இந்த வருஷ விளைச்சலில் ஒரு படியை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், ஜீன் கூடவே போகும். உள்ளூர் நிலையமே உள்ளூர் ரகங்களோடு கலந்து உருவாக்கியது. விற்பனைக்கு மில்லிமீட்டர் அளப்பவர் யாரும் இல்லை. விளைவிப்பவனே தின்கிறான், மீதியைச் சந்தையில் விற்கிறான். புர்க்கினாவில் குறுக்கே நின்ற அத்தனை விஷயமும் இங்கே வழிவிட்டு நிற்கிறது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. தட்டைப்பயறின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். காட்டு இனங்கள் வயலோரத்தில் இன்னும் இருக்கின்றன. ஜீன் அவற்றுக்குப் போகலாம், போனால் என்ன ஆகும் என்பது சிரித்து ஒதுக்குகிற கேள்வி இல்லை. ஒரே ஒரு ஜீன்தான் என்பதால் புழு பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இரண்டாவதைச் சேர்க்கும் வேலை நடக்கிறது. 2024-ல் நைஜீரியா மரபணு மாற்று மக்காச்சோளத்தையும் அனுமதித்தபோது நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. அது தண்டுத்துளைப்பானையும் படைப்புழுவையும் தாங்கும் என்கிறார்கள். 2016-ல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-ல் கர்நாடகம் வழியாக நம் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்ததே, அதே படைப்புழுதான்.

கேட்டவர் ஒருவேளை, ஆக மொத்தம் நீங்கள் ஆதரவா எதிர்ப்பா என்று மறுபடி கேட்பார். தட்டைப்பயறுக்கு ஆதரவு. புர்க்கினாவில் செய்த மாதிரி அவசர அவசரமாக அமெரிக்க ரகத்தை உள்ளூர் ரகத்தின் தலையில் கட்டுவதற்கு எதிர்ப்பு. கென்யாவில் எந்த விதை, யாருடையது, மறுபடி விதைக்கலாமா என்று கேட்காமல், ஒரு எலிப் படத்தை வைத்துப் பத்து வருஷம் சண்டை போட்டதில் இரு தரப்பின் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பீ பயறில் உள்ள ஜீன் வயலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். அறுத்து மூட்டையில் கட்டியதும் பயறு வண்டு வரும். அதன்மேல் இந்த பி.டி. வேலை செய்யாது. நாலைந்து மாதத்தில் மூட்டையைத் தூக்கினால் மாவு கொட்டும். அதற்குப் பயந்துதான் அறுத்த கையோடு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவார்கள். 1980-களின் கடைசியில் கேமரூனில், அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாதாரண நெய்த சாக்கு, அதற்குள் தடிமனான பாலித்தீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. பயறைக் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் முறுக்கி மடித்துத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனை வண்டுகளே மூச்சு விட்டுத் தீர்த்துக்கொண்டு, பிறகு தின்பதை நிறுத்திவிடும். மருந்து வேண்டாம், உரிமம் வேண்டாம், பையை அடுத்த வருஷமும் பயன்படுத்தலாம், ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால்.